சோடியம் இல்லாமல் சோடியம் உலை: ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு நான்கில் எதை எடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் நாலைந்து பொறியியல் மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மணலியில் ஓர் ஆலையில் பம்பு, ஹீட் எக்ஸ்சேஞ்சர் பராமரிப்பிலேயே என் வேலைக்காலம் போனது. அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். புராஜெக்ட் தலைப்பு கொடுக்க வேண்டிய மாதம் வந்தால் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். இந்த முறை வியாசர்பாடியிலிருந்து வரும் மாணவி கேட்டார்: "சார், கல்பாக்கம் ஈனுலைல இருக்கிற மாதிரி ஏதாவது ஒண்ணு செய்யணும். மின்காந்த பம்பு எடுக்கலாமா, லீக் டிடெக்டர் எடுக்கலாமா? எங்க பேட்ச்ல நாலு பேரும் நாலு சொல்றாங்க."

நாலு பேர் சொன்ன நாலையும் எடை போட்டுப் பார்த்து எழுதியதுதான் இது. இதே இடத்தில் சிக்கி நிற்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஈனுலை என்றால் ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலை. கல்பாக்கத்தில் இருப்பது வேக நியூட்ரான்களால் ஓடும் வகை. அதில் தண்ணீரைக் குளிர்விப்பானாக வைக்க முடியாது, அது நியூட்ரானின் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் உருகிய உலோகம். சோடியம் 98 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, 883 டிகிரியில்தான் கொதிக்கிறது. நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால் அழுத்தம் ஏற்றாமலே உலையை நல்ல சூட்டில் ஓட்டலாம். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில் சோடியம் 397 டிகிரியில் உலையின் மையத்துக்குள் போய் 547 டிகிரியில் வெளியே வரும்படி வடிவமைத்திருக்கிறார்கள். மொத்தச் சோடியம் சுமார் 1750 டன்.

அதே சோடியம் தண்ணீரைத் தொட்டால் ஹைட்ரஜனைக் கிளப்பும், சூடாக இருந்தால் காற்றிலேயே பற்றி எரியும். அணைக்கத் தண்ணீரும் ஊற்றக்கூடாது, கார்பன் டை ஆக்சைடும் அடிக்கக்கூடாது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் கிடந்த அந்தச் சிறு துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் புராஜெக்டில் அதைக் கிலோக்கணக்கில் உருக்கும் பேச்சே வேண்டாம்.

ஆகவே முதல் அளவுகோல் இது: சோடியத்துக்குப் பதிலாக எதை ஊற்றப் போகிறீர்கள், அது எந்த விஷயத்தில் சோடியம் மாதிரி நடந்துகொள்ளும், எதில் நடந்துகொள்ளாது? இதற்குப் பதில் இல்லாத தலைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் இரண்டாவது ரிவ்யூவில் விழுந்துவிடும். இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்.

அப்புறம், நீங்களே அளந்து வரைபடம் போடக்கூடிய எண் ஒன்றாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, பட்டியலில் வராத செலவு. நாட்களும் செலவுதான், எண்ணூர்க் காற்றின் உப்பும் செலவுதான்.

ஒரே பார்வையில்:

| தலைப்பு | சோடியத்துக்கு மாற்று | எதில் பொருந்தும் | எதில் பொருந்தாது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| மின்காந்த பம்பு | காலியம் (கைச்சூட்டிலேயே உருகும் உலோகம்) | மின்கடத்தல், காந்த விசை | எடை, சூடு | காலியத்தின் விலை, 100 ஆம்பியர் வயரிங் |
| குளிர்ப்பொறி (குளிரவைத்து அழுக்கைப் பிடிப்பது) | படிகாரக் கரைசல் | குளிரும்போது படிவது, அடைப்பது | வேதியியல், கரையும் அளவு | பம்பு அடைப்பு, அமிலத்தன்மை |
| கசிவு காட்டி | உப்புத் தண்ணீர் | மின்சுற்று மூடுவது | தீ, மேலோடு கட்டுவது | ஈரக்காற்றால் பொய் எச்சரிக்கை |
| இயற்கைச் சுழற்சி | தண்ணீர் | சூட்டால் தானே ஓடுவது | வெப்பம் பரவும் விதம் | நேரம், கடற்காற்று |

## மின்காந்த பம்பு

எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். காரணம் புரிகிறது. சுழலும் பாகம் இல்லை, ஷாஃப்ட் இல்லை, சீல் இல்லை. குழாய்க்குள் இருக்கும் உலோகத்தின் குறுக்கே மின்சாரம் போகிறது, அதற்குச் செங்குத்தாகக் காந்தப்புலம், உலோகம் தானாக நகர்கிறது. சீல் ஒழுகியே பாதி வேலைநாளைத் தின்ற பம்புகளோடு வாழ்ந்தவன் நான். முதன்முதலில் இதைப் படித்தபோது எழுந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

யோசனை பழையது. 1920களின் கடைசியில் ஐன்ஸ்டைனும் இயற்பியலாளர் லியோ சிலார்டும் குளிர்சாதனப் பெட்டிக்காக உலோகத் திரவத்தைக் காந்தத்தால் தள்ளும் பம்பை உருவாக்கினார்கள். பெட்டி சந்தைக்கு வரவில்லை, பம்பு அணு உலைக்கு வந்தது. 1951 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஐடஹோவில் நாலு மின்விளக்குகளை எரியவைத்த ஈபிஆர்-1 உலையில் ஓடியது சோடியம் பொட்டாசியம் கலவை. அதை ஓட்டவும் மின்காந்த பம்பைப் பயன்படுத்தினார்கள். ஆனால் கல்பாக்கம் ஈனுலையின் பிரதான பம்புகள் மையவிலக்குப் பம்புகள்தான். மின்காந்த பம்பின் திறன் குறைவு. சிறிய பம்புகளில் கொடுத்த மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். ஆகவே சோடியத்தை நிரப்புவது, சுத்திகரிப்பது போன்ற சிறு சுற்றுகளில்தான் அதற்கு இடம். "பெரிய உலைக்கு ஏன் இதைப் போடவில்லை?" என்று வைவாவில் கேட்டால் இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது கணக்கு. கிடைக்கும் அழுத்தம் என்பது காந்தப்புலத்தை மின்னோட்டத்தால் பெருக்கி, காந்தப்புலத்தின் திசையில் குழாயின் உயரத்தால் வகுத்தால் வருவது. 0.3 டெஸ்லா, 100 ஆம்பியர், 5 மில்லிமீட்டர் உயரம் என்று வையுங்கள்: 6000 பாஸ்கல். காலியத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல ஆறு மடங்கு, ஆகவே அது சுமார் 10 சென்டிமீட்டர் உயரும். கண்ணால் பார்க்கலாம், ஸ்கேலால் அளக்கலாம்.

காலியம் 29.8 டிகிரியில் உருகிவிடும். சென்னையில் பெரும்பாலான மத்தியானங்களில் அதற்கு அடுப்பே தேவையில்லை. மின்சாரத்தைக் கடத்துவதில் சூடான சோடியத்துக்கு அருகிலேயே வரும். இதுவரை எல்லாம் நல்ல செய்தி.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. காலியத்தைக் கிராம் கணக்கில்தான் விற்பார்கள். 50 மில்லிலிட்டர் வேண்டுமென்றாலே 300 கிராம். காற்றுப் பட்டதும் மேலே ஒரு தோல் படிந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும், அதில் கொஞ்சம் நஷ்டம். முன்பு ஒரு பேட்சுக்கு அலுமினியக் குழாய் போதும் என்று நான்தான் சொன்னேன். காலியம் அலுமினியத்தின் நுண்பளிங்குகளுக்கு நடுவே புகுந்து பிரித்துவிடும் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. குழாய் கையிலேயே நொறுங்கியது. பாதிக் காலியம் தரையில். அந்த மாணவர்களின் இரண்டு மாதப் பணம் அது. உலோகத்தை உலோகம் அரிக்கும் என்பது உலைக்காரர்களின் அன்றாடக் கவலை, அதை நாங்கள் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டோம். இன்று கேட்டால் அக்ரிலிக் குழாய் என்பேன். செம்பு மின்முனையையும் காலியம் மெல்ல அரிக்கும், ஆகவே ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் துடைத்துப் பாருங்கள். நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும் என்பதும் மனதில் இருக்கட்டும். 100 ஆம்பியருக்கு டிசி வெல்டிங் செட் வேண்டும், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

"காலியத்துக்குப் பதில் கடல் தண்ணீர் ஊற்றலாமே, காசிமேட்டில் சும்மா கிடைக்குதே?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சோடியத்தோடு ஒப்பிட்டால் கடல் தண்ணீரின் மின்கடத்தல் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு ஆம்பியர் போனால் அதே கணக்கில் 60 பாஸ்கல், 6 மில்லிமீட்டர் உயரம். அதுவும் மின்முனையில் ஹைட்ரஜனும் குளோரினும் குமிழ் கட்டிப் பாதையை மறைக்கும். தத்துவத்தைக் காட்ட ஆகும், உலையைப் பற்றி எதுவும் சொல்லாது.

யாருக்கு ஏற்றது: இஇஇ மாணவர்கள், வெல்டிங் செட்டும் அக்கறையுள்ள கைடும் உள்ள கல்லூரி, காலியத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் துறை. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம்.

## குளிர்ப்பொறி

இதைக் கேட்டு யாரும் வருவதில்லை. வந்தவர்களில் நாலில் மூன்று பேட்சுக்கு நான் சொல்வது இதைத்தான். கோல்டு ட்ராப் என்பதைத்தான் குளிர்ப்பொறி என்கிறேன்.

சோடியத்தில் ஆக்சிஜன் கலந்தால் எஃகு அரிக்கும், குறுகலான இடங்கள் அடைபடும். எப்படி எடுப்பது? வடிகட்டியால் முடியாது, கரைந்திருக்கிறதே. ஆனால் சூடு குறைந்தால் கரையும் அளவு தலைகீழாக விழும்: 400 டிகிரியில் பத்து லட்சத்துக்குச் சுமார் 400 பங்கு ஆக்சிஜன் கரையும், 120 டிகிரியில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஆகவே ஓடும் சோடியத்தில் ஒரு சிறு கிளையைப் பிரித்து, குளிரவைத்து, கம்பி வலை நிரப்பிய பாத்திரத்தில் மெதுவாக ஓடவிட்டால் ஆக்சைடு வலையில் பளிங்காகப் படியும். சுத்தமான சோடியம் திரும்பப் போகும். போகிற வழியில் உள்ளே வரும் சூடான சோடியத்திடமிருந்தே சூட்டை வாங்கிக்கொள்ளும் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரும் உண்டு. உலையின் சூட்டை ஸ்டீம் ஜெனரேட்டருக்குக் கொண்டுபோகும் தனிச் சோடியச் சுற்றை இரண்டாம் சுற்று என்பார்கள். அதில் இதே பொறி ஹைட்ரஜனையும் பிடிக்கிறது. ஸ்டீம் ஜெனரேட்டர் குழாய்கள் தண்ணீர்ப் பக்கம் மெல்ல அரிபடும்போது பிறக்கும் ஹைட்ரஜன் சுவரைக் கடந்து சோடியத்துக்குள் வந்துவிடும்.

இதன் தம்பி அடைப்புமானி. சிறு துளை வழியே சோடியத்தை ஓடவிட்டு மெதுவாகக் குளிரவைப்பார்கள். எந்தச் சூட்டில் துளை அடைபட்டு ஓட்டம் குறைகிறதோ, அதிலிருந்து எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்று கணக்கிடலாம். ஒரு தெர்மாமீட்டரும் ஒரு துளையும் சேர்ந்து வேதியியல் ஆய்வகத்தின் வேலையைச் செய்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

மாற்றுத் திரவம்: படிகாரம். சலூனில் சவரம் முடிந்ததும் தேய்க்கும் அந்தக் கட்டி. 100 மில்லி தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 14 கிராம் கரையும், 50 டிகிரியில் சுமார் 37 கிராம். வலைக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் போதும். குடிதண்ணீர் தெளியவைக்க விற்கும் ஆலம் வேறு பொருள், அது அலுமினியம் சல்ஃபேட், அதை வாங்கிவிடாதீர்கள்.

எங்கே பொருந்தாது என்பதையும் அறிக்கையில் நீங்களே எழுதிவிடுங்கள். படிகாரம் இரண்டரை மடங்கு மாறுகிறது, சோடியத்தில் ஆக்சிஜன் நூற்றுக்கணக்கான மடங்கு மாறுகிறது. படிகாரக் கரைசல் படிய வேண்டிய சூட்டுக்குக் கீழே போயும் சிறிது நேரம் படியாமல் நிற்கும். ஆனால் உலைப் பொறியாளரை வாட்டும் பிரச்சினை இங்கேயும் அப்படியே வரும்: பளிங்கு வலை முழுக்கப் பரவாமல் நுழைவாயிலிலேயே குவிந்து வழியை மூடிவிடும். வலையில் பெரும்பகுதி காலியாக இருக்கும்போதே பொறி வேலைக்கு ஆகாமல் போகும். இந்தப் பிரச்சினையை நூறு ரூபாய்ப் படிகாரத்தில் கையால் தொட்டுப் பார்க்க முடிகிறது.

மறைந்த செலவு பம்பில் இருக்கிறது. கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மீன்தொட்டிப் பம்பை வாங்குவார்கள். அது சூடான கரைசலுக்குச் செய்ததல்ல, இரண்டே நாளில் நின்றுவிடும். சூடு தாங்கும் காந்த இணைப்புப் பம்பு வாங்கி, ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவிவிட்டு நிறுத்துங்கள். கரைசல் புளிப்பு, ஆகவே ஜிஐ குழாயும் அலுமினியமும் கூடாது.

யாருக்கு ஏற்றது: கெமிக்கல், மெக்கானிக்கல் மாணவர்கள். பணம் குறைவாக, பொறுமை அதிகமாக இருக்கும் பேட்ச்.

## கசிவு காட்டி

எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் வீட்டில் ஒருவராவது அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்திருப்பார். பாய்லர் டியூப் லீக் என்றால் அவர்களுக்குத் தெரியும்: நீராவி சீறும், யூனிட்டை நிறுத்துவார்கள், வெல்டிங் போடுவார்கள். சோடியம் ஸ்டீம் ஜெனரேட்டரில் கதை வேறு. குழாய்க்குள் 170 பார் அளவில் தண்ணீரும் நீராவியும், வெளியே குறைந்த அழுத்தத்தில் சோடியம். ஊசித்துளை விழுந்தால் தண்ணீர் சோடியத்துக்குள் பீய்ச்சும். அங்கே பிறக்கும் சூடான காரத் தாரை பக்கத்துக் குழாயை அரித்து அதையும் துளைக்கும். ஆகவே துளை சின்னதாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும். மெல்லிய நிக்கல் சுவரைக் கடந்து வரும் ஹைட்ரஜனை அளந்து பிடிக்கிறார்கள், சத்தத்தைக் கேட்டும் பிடிக்கலாம்.

சோடியம் குழாயிலிருந்து வெளியே கசிந்தால்? குழாய்மேல் பீங்கான் மணிகள் கோத்த கம்பியைச் சுற்றி வைப்பார்கள். கசிந்த சோடியம் மணிகளுக்கு நடுவே புகுந்து கம்பியையும் குழாயையும் இணைத்ததும் அலாரம் அடிக்கும். வண்டி எஞ்சினில் இருக்கும் ஸ்பார்க் பிளக் வகையும் இதே வேலைக்கு உண்டு. இவ்வளவு எளிய பொருளை இவ்வளவு பெரிய ஆபத்துக்குக் காவல் வைத்தவர்களின் யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஜப்பானின் மோன்ஜு உலையில் 1995 டிசம்பர் 8 அன்று இரண்டாம் சுற்றில் சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. உடைந்தது எது தெரியுமா? சூட்டை அளக்கக் குழாய்க்குள் நீட்டியிருந்த தெர்மோகப்பிளின் உறை. ஓட்டத்தால் அதிர்ந்து அதிர்ந்து முறிந்தது. இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இதை எழுதலாம்.

உங்கள் சோதனை: பழைய ஸ்டீல் குழாய், மின்சாமான் கடையில் ஹீட்டர் கம்பிக்கு விற்கும் பீங்கான் மணி, மேலே கண்ணாடிப் பஞ்சு, சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீர். கசிவு தொடங்கியதிலிருந்து எச்சரிக்கை வரும்வரை எத்தனை நொடி என்பதுதான் உங்கள் எண். சொட்டின் வேகம், பஞ்சின் தடிமன், குழாயின் மேல்புறமா அடிப்புறமா என்று மாற்றி மாற்றி ஐம்பது அளவுகள் எடுக்கலாம். உப்புத் தண்ணீர் எரியாது, உறைந்து மேலோடு கட்டாது, ஆகவே நொடிகளை அப்படியே சோடியத்துக்குச் சொல்ல முடியாது. எந்த இடத்தில் வைத்தால் முந்திப் பிடிக்கும் என்ற ஒப்பீட்டை மட்டும் சொல்லலாம்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. திருவொற்றியூர், எண்ணூர்க் கரையோரம் மழைக்காலத்தில் சோதித்தால் ஈரமும் உப்பும் மணிகளின் மேல் படிந்து கசிவே இல்லாமல் அலாரம் அடிக்கும். ஒரு வாரம் எதையும் சொட்டவிடாமல், மின்தடையை மட்டும் காலை மாலை குறித்து வையுங்கள். அந்த ஒரு வாரத்தைத் திட்டத்தில் முன்கூட்டியே ஒதுக்காதவர்கள் கடைசியில் அளவுகளைத் தூக்கிப் போட வேண்டி வரும்.

யாருக்கு ஏற்றது: இசிஇ, இஇஇ, இன்ஸ்ட்ருமென்டேஷன். மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் நான்கில் இதுதான் பத்திரம்.

## இயற்கைச் சுழற்சி

உலையை நிறுத்திய பிறகும் எரிபொருள் சூடு தருவதை நிறுத்தாது. நிறுத்தியவுடன் முழுத்திறனில் 6, 7 விழுக்காடு, சில மணி நேரத்தில் ஒரு விழுக்காட்டுப் பக்கம். கல்பாக்கம் ஈனுலையின் வெப்பத்திறன் 1250 மெகாவாட், ஒரு விழுக்காடு என்றாலே 12.5 மெகாவாட். மின்சாரமே இல்லாவிட்டாலும் இதை வெளியேற்ற, தலா 8 மெகாவாட் கொண்ட நான்கு சுற்றுகள் அங்கே உண்டு. சூடான சோடியம் மேலேறி, காற்றுக்குச் சூட்டைக் கொடுத்துக் கனத்துக் கீழே இறங்கும். 1986 ஏப்ரலில் ஐடஹோவின் ஈபிஆர்-2 உலையில் முழுத்திறனில் ஓடும்போதே பம்புகளை நிறுத்தி, அவசர நிறுத்தத்தையும் தடுத்துவைத்துச் சோதித்தார்கள். உலை தானே அடங்கியது.

உங்கள் சோதனை: தண்ணீர் நிரப்பிய ஒன்றரை மீட்டர் உயரக் குழாய் வளையம், கீழே 500 வாட் ஹீட்டர், மேலே குளிர்விக்கும் பகுதி. இரண்டு பக்கச் சூட்டின் வித்தியாசம் 10 டிகிரி என்றால் நொடிக்குச் சுமார் 12 கிராம் தண்ணீர் ஓடுகிறது என்று கணக்கு சொல்லும். ஆனால் சோடியத்தில் வெப்பம் ஓட்டத்தை முந்திக்கொண்டு பரவும், தண்ணீரில் ஓட்டம்தான் அதைச் சுமந்து போகும். சூட்டு வரைபடத்தை எடுத்து உலையோடு ஒப்பிட்டால் தவறு.

ஒவ்வோர் ஓட்டமும் நிலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. மாடியில் வைத்தால் மத்தியானம் கடற்காற்று இறங்கியதும் அளவுகள் எல்லாம் மாறிவிடும். அறைக்குள் வையுங்கள்.

யாருக்கு ஏற்றது: வெப்ப ஆய்வகம் மாலையிலும் திறந்திருக்கும் கல்லூரியின் மெக்கானிக்கல் மாணவர்கள். மென்பொருள் மாதிரியும் சேர்த்துச் செய்ய நினைப்பவர்களுக்கும் இதுவே நல்லது, ஒப்பிட உங்கள் கையில் சொந்த அளவு இருக்கும்.

## "சோடியமே வேண்டாம், ஈயம் எடுக்கலாமா?"

காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஈயம் பழகிய உலோகம். உலைக்கும் அது வேட்பாளர்தான்: தண்ணீரோடு சண்டை போடாது, 1749 டிகிரி வரை கொதிக்காது. ரஷ்யாவின் செவர்ஸ்கில் ஈயத்தால் குளிரும் 300 மெகாவாட் ப்ரெஸ்ட் உலையை 2021 முதல் கட்டுகிறார்கள். ஆனால் 327 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், எஃகை அரிக்கும். பிஸ்மத் சேர்த்தால் 125 டிகிரியிலேயே உருகும், சோவியத் நீர்மூழ்கிகளில் அதை ஓட்டினார்கள். அதில் பிஸ்மத், கதிரியக்க நஞ்சான பொலோனியம் 210 ஆக மாறும் தொல்லை சேர்ந்துகொள்கிறது. கல்லூரி மட்டத்தில் உருகிய ஈயத்தின் புகை நஞ்சு. படித்துக் கருத்தரங்கில் பேசுங்கள், அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

வியாசர்பாடி மாணவியின் பேட்ச் நாலு நாள் பேசி முடிவெடுத்துக் குளிர்ப்பொறியை எடுத்தது. போன ஞாயிறு முதல் ஓட்டம். இருபதாவது நிமிடத்தில் நுழைவாயில் அடைத்துக்கொண்டது. உள்ளே நாரில் பாதிக்கு மேல் சுத்தமாக இருந்தது. "சார், கடைசிப் பக்கத்திலிருந்து குளிரவெச்சா பரவலா படியுமா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். குளிர்க்குழாயைக் கீழே மாற்றிக் கட்டிக்கொண்டு வரும் ஞாயிறு வருவார்கள்.